கரையொதுங்கிய தார் உருண்டை எந்த எண்ணெய்? பயோமார்க்கர் கொண்டு மூலம் கண்டறியும் முழுமையான வழிகாட்டி

மே மாதக் கடைசியில் கோவா கடற்கரையில் செருப்பில்லாமல் நடந்தால் உள்ளங்காலில் கறுப்பாக ஏதோ ஒட்டும். தேங்காய் எண்ணெய் தேய்த்தால்தான் போகும். தென்மேற்குப் பருவக்காற்று தள்ளிக்கொண்டு வரும் தார் உருண்டை அது. மும்பை ஹை எண்ணெய் வயலில் கசிந்ததா, வளைகுடா எண்ணெய் ஏற்றிய டேங்கர் கழுவிவிட்டதா, தென்கிழக்கு ஆசிய எண்ணெயா என்று பார்வையால் சொல்ல முடியாது. எல்லாமே கறுப்புதான்.

அதைச் சொல்பவை பயோமார்க்கர்கள். எண்ணெயாக மாறிய பாசி, பாக்டீரியா, மரம் செடிகளின் மூலக்கூறுகளில் சில, கோடிக்கணக்கான ஆண்டுகள் பாறைக்குள் வெந்த பிறகும் எலும்புக்கூடு கலையாமல் எண்ணெயில் நிற்கும். எந்த எலும்புக்கூடு எவ்வளவு என்பது ஒவ்வொரு மூலப்பாறைக்கும் (எண்ணெய் உருவான பாறைக்கும்) வேறுபடும்.

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் கருவியை இரண்டு வாரத்தில் பழகிக்கொள்கிறார்கள். வேலையின் வரிசையில்தான் தடுக்கி விழுகிறார்கள். அதனால் வரிசையையே எழுதுகிறேன். ஜிசி-எம்எஸ் கருவியின் (கலவையைச் சேர்மம் சேர்மமாகப் பிரித்து, உடைத்து, அயனிகளின் எடையால் அடையாளம் காட்டுவது) அடிப்படை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. கேள்வியை முதலில் காகிதத்தில் எழுதுங்கள்

இந்த வேலையில் இரண்டு வகைக் கேள்விகள் உண்டு. ஒன்று: “இந்த உருண்டையும் அந்தக் கப்பலின் தொட்டியில் இருக்கும் எண்ணெயும் ஒன்றா?” மற்றொன்று: “இது எந்த வட்டாரத்து, எந்த மாதிரிப் பாறையிலிருந்து வந்த எண்ணெய்?”

முதல் கேள்விக்குச் சந்தேகப்படும் எண்ணெய் கையில் இருக்க வேண்டும். பதில் கறாராக வரும். இரண்டாவது கேள்விக்கு எதுவும் கையில் இல்லாமலும் பதில் தேடலாம். ஆனால் கிடைப்பது “டெர்சியரி காலத்து, மர எச்சம் நிறைந்த மூலப்பாறை” என்பது போன்ற பதில்தான் (டெர்சியரி என்பது டைனோசர்கள் அழிந்த பிறகான காலம்), ஒரு கப்பலின் பெயர் கிடைக்காது. இரண்டாவது கேள்விக்கான வேலையைச் செய்துவிட்டு முதல் கேள்விக்குப் பதில் எழுதுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

அடுத்து, சந்தேகப் பட்டியல். அதில் யாரும் சந்தேகப்படாத பழைய மூலங்களையும் சேருங்கள். அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் 1989 மார்ச் 24 அன்று எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டியது. பிறகு அந்தக் கரையெங்கும் தார் உருண்டைகள் கிடைத்தன. எல்லாம் அந்தக் கப்பலுடையது என்று நினைக்கத்தானே தோன்றும்? ஆய்ந்து பார்த்தால் பல உருண்டைகள் கலிபோர்னியாவின் மான்டெரி பாறை எண்ணெயோடு ஒத்துப்போயின. கப்பல் எண்ணெயின் கார்பன் ஐசோடோப்பு விகிதம் (கனமான கார்பன் எவ்வளவு என்பதன் அளவு) ஏறக்குறைய −29‰. அந்த உருண்டைகளுடையது −24‰ பக்கம். அலாஸ்காவின் சொந்த எண்ணெய் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன்னால் கலிபோர்னியாவிலிருந்து கொண்டுவந்து தொட்டிகளில் வைத்திருந்த எண்ணெயும் தாரும் 1964 நிலநடுக்கத்தில் கொட்டியதன் மிச்சம் அது என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம். பட்டியலில் ஒரே ஒரு பெயரை வைத்துக்கொண்டு தொடங்கியிருந்தால் இது தெரிந்திருக்காது.

2. முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டியவை

கடற்கரைக்குப் போகும் முன் இவை தயாராக இருக்கட்டும்: டெஃப்லான் உள்மூடி வைத்த பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள், டைகுளோரோமீத்தேனால் கழுவிய எஃகுக் கரண்டிகள், அலுமினியத் தாள், நீர்மேல் படலம் எடுக்க டெஃப்லான் வகை வலைத்துண்டு, ஐஸ் பெட்டி, அழியாத பேனா, யார் எடுத்து யாரிடம் கொடுத்தார்கள் என்று கையெழுத்து வாங்கும் படிவம்.

பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். அதிலிருந்து தாலேட்டுகள் (பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்ப்பவை) இறங்கி 149 எடையுள்ள அயனியின் படத்தில் பெரிய பெரிய பீக்குகளாக, அதாவது முகடுகளாக, நிற்கும். எண்ணெயும் பிளாஸ்டிக்கில் ஊறிவிடும். ஒருமுறை எங்களுக்கு மாதிரி ஸ்வீட் கடை டப்பாவில் வந்தது. நெய் வாசனை முதலில், எண்ணெய் வாசனை அப்புறம்.

ஆய்வகத்தில்: ஹெக்சேன், டைகுளோரோமீத்தேன் இரண்டும் ஜிசி தரத்தில், சூடேற்றிப் பதப்படுத்திய சிலிக்கா ஜெல், நீரற்ற சோடியம் சல்ஃபேட், கணக்கிடும் உள்தரமாக (தெரிந்த அளவில் மாதிரியோடு சேர்ப்பது) 5பீட்டா-கோலேன் அல்லது டியூட்டீரியம் ஏற்றிய ஸ்டெரேன் (பாசி போன்றவற்றிலிருந்து வரும் பயோமார்க்கர்), இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக, பீக்குகள் எவை என்று ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஓர் ஒப்பீட்டு எண்ணெய். இந்தக் கடைசிப் பொருள் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். ஏன் என்பது 6ஆம் படியில் புரியும்.

ஒரு எச்சரிக்கை: டைகுளோரோமீத்தேன் சாதாரண நைட்ரைல் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். மேலே பட்டால் உடனே மாற்றுங்கள். எல்லாம் புகைப்போக்கி அறைக்குள்தான்.

3. மாதிரி எடுத்தல்

ஒரே கரையில் ஒரே நாளில் இரண்டு வெவ்வேறு எண்ணெய்கள் ஒதுங்கலாம். ஆகவே ஐந்தாறு உருண்டைகளைச் சேர்த்து ஒரே குப்பியில் போடுவது கூடாது. ஒரு உருண்டைக்கு ஒரு குப்பி. சேர்த்துப் போட்டால் கிடைப்பது எங்கும் இல்லாத ஒரு கலவை எண்ணெயின் விகிதம்.

உருண்டையைப் பிளந்து உட்பகுதியை எடுங்கள். வெளித்தோல் வெயிலில் ஆக்சிஜனேறி, மணலும் கிளிஞ்சலும் ஒட்டியிருக்கும். உள்ளே ஒப்பீட்டளவில் மாறாத எண்ணெய் இருக்கும். சில கிராம் போதும்.

படகுத்துறைக்கு அருகே எடுக்கிறீர்கள் என்றால் சுற்றிப் பாருங்கள். டீசல் கொட்டியிருந்தால் தப்பிக்கலாம்: டீசலின் கொதிநிலைக்குள் ஹோபேன்கள் (பாக்டீரியாவிலிருந்து வரும் கனமான பயோமார்க்கர்கள்) வராது, ஆகவே ஹோபேன் விகிதம் கெடாது. ஆனால் எஞ்சின் ஆயில் ஆபத்து. அதில் நார்மல் ஆல்கேன்கள் (கிளையில்லாத நேர்ச்சங்கிலிச் சேர்மங்கள்) கிட்டத்தட்ட இருக்காது. ஹோபேன்களும் ஸ்டெரேன்களும் மட்டும் தாராளமாக இருக்கும். அது கலந்தால் உங்கள் மூலவிகிதங்கள் சத்தமில்லாமல் நகர்ந்துவிடும்.

கத்தியை மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு உருண்டையை வெட்டிய மாணவர் ஒருவர் எங்களிடம் இருந்தார். படத்தின் முன்பகுதியில் சி10 முதல் சி16 வரை (10 முதல் 16 கார்பன் அணுக்கள் கொண்டவை) வரிசையாகப் பீக்குகள். “சார், இது நேற்றுக் கொட்டிய எண்ணெய்” என்றார். வெறும் ஆல்கேனை நம்பியிருந்தால் நாங்களும் அப்படித்தான் எழுதியிருப்போம்.

கூடவே இரண்டு வெற்று மாதிரிகள்: திறந்து மூடிய காலிக் குப்பி ஒன்று, எண்ணெய் படாத அதே கரை மணல் ஒன்று. மணலிலேயே பழைய எண்ணெய் இருந்தால் இது காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றையும் ஒளிபடாமல் 4 பாகையில் வையுங்கள்.

4. கரைத்தல், பிரித்தல்

உருண்டையை டைகுளோரோமீத்தேனில் கரைத்து, சோடியம் சல்ஃபேட் வழியாக வடித்தால் தண்ணீரும் மணலும் போய்விடும். பின்னர் கரைப்பானை நைட்ரஜன் காற்றில் மெதுவாக வற்றவைத்து எடை பாருங்கள். இந்த எடை இல்லாமல் பின்னால் எவ்வளவு எண்ணெய் இழந்தது என்று கணக்கிட முடியாது.

முழுக்க உலரவிடாதீர்கள். உலர்ந்தால் லேசான சேர்மங்கள் ஆவியாகும். ஆவியானது கடலிலா, உங்கள் மேசையிலா என்று அப்புறம் பிரித்துச் சொல்ல முடியாது.

தார் உருண்டையில் ஆஸ்ஃபால்டீன் (எண்ணெயின் மிகக் கனமான, ஆவியாகாத பகுதி) நிறைய இருக்கும். அதை முதலில் ஏறக்குறைய 40 மடங்கு ஹெக்சேன் ஊற்றி வீழ்படிவாக்கி நீக்குங்கள். இல்லையென்றால் ஊசி நுழையும் இடத்திலேயே கருகி, ஜிசி நெடுங்குழாயின் (சேர்மங்களைப் பிரிக்கும் குழாய்) முனை கெடும். கனமான பீக்குகள் வால் நீட்டும்.

அடுத்து சிலிக்கா பத்தி. ஹெக்சேன் ஊற்றினால் முதலில் இறங்குவது நிறைவுற்ற பகுதி. ஹோபேன், ஸ்டெரேன் எல்லாம் இதில். ஹெக்சேனும் டைகுளோரோமீத்தேனும் சமமாகக் கலந்து ஊற்றினால் அரோமாட்டிக் (பென்சீன் வளையம் கொண்ட) பகுதி இறங்கும். சிலிக்கா ஈரம் குடித்திருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து வரும். சென்னை போன்ற ஊரில் காலையில் அடுப்பிலிருந்து எடுத்த சிலிக்கா மாலைக்குள் சோம்பிவிடும். உலர்கலத்தை விட்டு வெளியே வைக்க வேண்டாம்.

பிரிக்காமலே முழு எண்ணெயை ஓட்டும் முறையும் உண்டு. கப்பல் தொட்டியோடு ஒப்பிடும் வேலைக்கு அது போதும். வட்டாரம் தேடும் வேலைக்குப் பிரித்து ஓட்டுவதுதான் என் விருப்பம். காமசெரேன் போன்ற சின்னப் பீக்குகள் அப்போதுதான் தெளியும்.

5. கருவியில் ஓட்டும் வரிசை

5 சதவீத ஃபினைல் பூசிய, 30 அல்லது 60 மீட்டர் நீள நெடுங்குழாய். 60 மீட்டர் கிடைத்தால் அதுவே நல்லது. வெப்பத்தை நிதானமாக ஏற்றுங்கள்; 300 பாகைக்கு மேலே கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் சி35 ஹோபேன் வெளியே வராமல் அடுத்த ஓட்டத்தில் பேயாக வரும்.

குறிப்பிட்ட அயனிகளை மட்டும் பார்க்கும் முறையில் இவை அவசியம்: ஆல்கேனுக்கு 85, ஹோபேனுக்கும் டிரைசைக்ளிக் டெர்பேனுக்கும் 191, ஸ்டெரேனுக்கு 217, 218, டயாஸ்டெரேனுக்கு 259, 25-நார்ஹோபேனுக்கு 177, பைகேடினேனுக்கு 369. அரோமாட்டிக் பகுதியில் ஃபினாந்த்ரீனுக்கு 178, 192. டைபென்சோதயோஃபீனுக்கு 184, 198. டிரைஅரோமாட்டிக் ஸ்டீராய்டுக்கு 231.

வரிசை இப்படி: வெற்றுக் கரைப்பான், ஒப்பீட்டு எண்ணெய், உருண்டை, சந்தேக எண்ணெய், மீண்டும் உருண்டை, மீண்டும் சந்தேக எண்ணெய், கடைசியில் மறுபடி ஒப்பீட்டு எண்ணெய். எல்லாம் ஒரே தொகுப்பில், ஒரே செறிவுக்கு அருகில். உருண்டையைத் திங்கட்கிழமையும் சந்தேக எண்ணெயை அடுத்த மாதமும் ஓட்டினால், இடையில் கருவி மாறியதை எண்ணெய் மாறியதாக எடுத்துக்கொள்வீர்கள்.

தொகுப்பின் முதல் ஒப்பீட்டு எண்ணெயும் கடைசி ஒப்பீட்டு எண்ணெயும் ஒத்துப்போகவில்லை என்றால் நடுவில் இருக்கும் எதையும் நம்பாதீர்கள். நெடுங்குழாயின் முனையைக் கொஞ்சம் வெட்டி, மறுபடி ஓட்டுங்கள்.

6. எண்ணைத் தொடும் முன் படத்தைப் பாருங்கள்

எல்லாரும் தாண்டிப்போகும் படி இது. மென்பொருள் விகிதப் பட்டியலைக் கொடுத்துவிடுகிறது, பின்னே படத்தை யார் பார்ப்பது? ஆனால் பாதிச் செய்தி படத்தின் உருவத்திலேயே இருக்கிறது. இரண்டு படங்களையும் அச்சடித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

முதலில் 85. ஆல்கேன் பீக்குகள் சீப்பின் பல் மாதிரி நிற்கின்றனவா? சி30க்கு மேலே இரண்டாவது மேடு இருக்கிறதா? அந்த இரண்டாவது மேடு, டேங்கர் தொட்டியின் அடியில் தங்கிய மெழுகு கழுவப்பட்டு வந்ததற்கான அடையாளம். சீப்பே இல்லாமல் அடியில் பெரிய முதுகு மட்டும் எழுந்து நின்றால் பாக்டீரியா தின்றிருக்கிறது, அல்லது எஞ்சின் ஆயில் கலந்திருக்கிறது.

அடுத்து 192. மெத்தில்ஃபினாந்த்ரீன் நான்கு பீக்குகளாக, இரண்டு இரண்டாக நிற்கும். நடுவே 2-மெத்தில்ஆந்த்ரசீன் தெளிவாகத் தலைநீட்டினால் அது கச்சா எண்ணெய் இல்லை. சுத்திகரிப்பு ஆலையில் வெப்பத்தால் உடைத்த பகுதி கலந்த கப்பல் எரிபொருளாக இருக்க வாய்ப்பு அதிகம். இங்கேயே நின்றுவிடுங்கள். கப்பல் எரிபொருள் பல எண்ணெய்களின் கலவை, அதற்கு “எந்த வட்டாரம்” என்ற கேள்வியே பொருந்தாது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டியது கன எரிபொருள்தான். அப்படிப்பட்ட மாதிரிக்குக் கப்பல் தொட்டியோடு நேரடி ஒப்பீடு மட்டுமே வழி.

பிறகு 191. பீக்குகளுக்குப் பெயர் வைக்க ஒப்பீட்டு எண்ணெயின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வரிசை ஏறக்குறைய இப்படி: டிரைசைக்ளிக் கூட்டம், டிஎஸ், டிஎம் (இரண்டு சி27 ஹோபேன்கள்), சி29 ஹோபேன், அதன் தோளில் சி29 டிஎஸ், ஒலியனேன், சி30 ஹோபேன், பின்னர் சி31 முதல் சி35 வரை இரட்டை இரட்டையாக. ஒலியனேன் சி30 ஹோபேனுக்குச் சற்று முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும். சரியாகப் பிரியாத நெடுங்குழாயில் அதை ஹோபேனின் தோள் என்று விட்டுவிடுவார்கள். அல்லது வேறெதையோ ஒலியனேன் என்பார்கள். உறுதிசெய்ய 412 அயனியைப் பாருங்கள்.

சரியாகப் பெயர் வைத்தோமா என்று சோதிக்க ஒரு குறுக்குவழி உண்டு. சி31 ஹோபேனின் 22எஸ், 22ஆர் இரட்டையில் (ஒரே மூலக்கூறின் இரண்டு வடிவங்கள்) 22எஸ்ஸின் பங்கு, முதிர்ந்த எண்ணெய்களில் கிட்டத்தட்ட எப்போதும் 0.57 முதல் 0.62க்குள் நிற்கும். எண்ணெய்களை வேறுபடுத்த இது உதவாது. ஆனால் உங்களுக்கு 0.45 வந்தால் எண்ணெயைச் சந்தேகிக்கும் முன் உங்களைச் சந்தேகியுங்கள். பெரும்பாலும் 22ஆர் பீக்குக்கு அடுத்து வரும் காமசெரேனையும் சேர்த்துப் பரப்பளந்திருப்பீர்கள்.

7. எந்த விகிதம் எதைச் சொல்கிறது

மூலப்பாறையைச் சொல்லும் விகிதங்கள் வேறு, எண்ணெய் எவ்வளவு வெந்தது என்பதைச் சொல்பவை வேறு, கடலில் என்ன ஆனது என்பதைச் சொல்பவை வேறு. மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டுக் குழப்பாதீர்கள்.

ஒலியனேனிலிருந்து தொடங்குவோம். இது பூக்கும் தாவரங்களிலிருந்து வருவது. பூக்கும் தாவரங்கள் பரவியது கிரெட்டேசியஸ் காலத்தில், பெருகியது டெர்சியரியில். சி30 ஹோபேனோடு ஒப்பிட்டு 0.2க்கு மேல் ஒலியனேன் இருந்தால் மூலப்பாறை டெர்சியரி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். சவூதியின் ஜுராசிக் கால மூலப்பாறை எண்ணெயில் இதை எதிர்பார்க்க முடியாது. நைஜர் டெல்டா, இந்தோனேசியாவின் மகாகம் டெல்டா எண்ணெய்களில் தாராளமாக இருக்கும். ஒலியனேன் இல்லை என்பதால் மட்டும் பாறை பழையது என்று சொல்லிவிடாதீர்கள்: மரம் செடி வந்து சேராத டெர்சியரிக் கடலடிப் பாறையும் உண்டு.

பைகேடினேன் இன்னும் குறுகலான அடையாளம். குங்கிலிய மரக் குடும்பத்தின் பிசினிலிருந்து வருகிறது. ஆமாம், சாம்பிராணியோடு சேர்த்துப் புகைக்கிற, பழைய மரப்படகுகளின் இடுக்கை அடைத்த அதே குங்கிலியம். அந்தக் குடும்பம் அடர்ந்து வளர்ந்த தென்கிழக்கு ஆசியாவிலும் அசாம் பக்கத்திலும் கிடைக்கும் டெர்சியரி எண்ணெய்களில் இதைத் தேடுங்கள். 369இல் தெளிவாகத் தெரியும். 217 படத்திலும் வந்து ஸ்டெரேன்களுக்கு நடுவே தலைகாட்டும். அதை ஸ்டெரேன் என்று கணக்கில் சேர்த்துவிட்டால் ஸ்டெரேன் விகிதம் முழுதும் பாழ்.

சுண்ணாம்புப் பாறையா, களிமண் பாறையா என்பதற்கு ஒன்றை மட்டும் பார்க்காமல் கூட்டாகப் பாருங்கள். சி29 ஹோபேன் சி30ஐ எட்டுகிறதா, தாண்டுகிறதா? சி35 ஹோபேன் சி34ஐவிட உயரமா? டயாஸ்டெரேன் குறைவா? டைபென்சோதயோஃபீன் ஃபினாந்த்ரீனை மிஞ்சுகிறதா? பிரிஸ்டேன் பைட்டேனைவிடக் குறைவா (இரண்டும் கிளை உள்ள ஆல்கேன்கள்)? இந்த ஐந்துக்கும் ஆம் என்றால் ஆக்சிஜன் இல்லாத கடலடியில் சேர்ந்த, கந்தகம் மிகுந்த சுண்ணாம்பு மூலப்பாறை. மத்தியக் கிழக்கு எண்ணெய்களின் முகம் பெரும்பாலும் இது. டயாஸ்டெரேன் குறைவதன் காரணமும் எளிது: ஸ்டெரேனின் எலும்புக்கூட்டைத் திருப்பிப் போடக் களிமண் வினையூக்கி வேண்டும், சுண்ணாம்பில் அது இல்லை.

பிரிஸ்டேன்/பைட்டேன் 3க்கு மேல் போனால் ஆக்சிஜன் பட்ட, நிலத்திலிருந்து வந்த மரச்செடி எச்சம் என்று படிக்கலாம். இடைப்பட்ட எண்களை வைத்து எதுவும் சொல்ல வேண்டாம். பழைய கட்டுரைகள் இந்த ஒரு விகிதத்திலேயே ஊர் கட்டுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

காமசெரேன் உயர்ந்தால் அடுக்கு அடுக்காக நீர் பிரிந்து நின்ற, பெரும்பாலும் உப்பு மிகுந்த நீர்நிலை. 24-நார்மல்புரோபில்கொலஸ்டேன் என்ற சி30 ஸ்டெரேன் இருந்தால் கடல் எண்ணெய். போட்ரியோகாக்கேன் இருந்தால் ஏரி எண்ணெய்; சுமத்ராவின் மினாஸ், துரி வயல்கள் இதற்குப் பேர்போனவை. 28,30-பிஸ்நார்ஹோபேன் நிமிர்ந்து நின்றால் கலிபோர்னியாவின் மான்டெரி, வடகடலின் கிம்மரிட்ஜ் போன்ற சில பாறைகள்தான் நினைவுக்கு வர வேண்டும்.

முதிர்ச்சிக்கு சி29 ஸ்டெரேனின் 20எஸ் வடிவத்தின் பங்கைப் பாருங்கள், அது 0.52 முதல் 0.55 வரை ஏறி அங்கேயே நின்றுவிடும். டிஎஸ்/டிஎம் முதிர்ச்சியோடும் ஏறும், பாறையோடும் மாறும். அதனால் கப்பல் ஒப்பீட்டுக்கு அது அருமை, வட்டாரம் தேட மட்டமான துணை.

கோவா விஷயத்துக்கு இதைப் பொருத்துவோம். மும்பை ஹையின் முக்கிய மூலப்பாறையும் டெர்சியரிதான். ஆகவே ஒலியனேன் தெரிந்ததும் “தென்கிழக்கு ஆசியா” என்று எழுதினால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான். ஒலியனேன் மத்தியக் கிழக்கை விலக்க உதவும். மும்பை ஹையை விலக்காது. 2013இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சரியாகச் செய்தது: கோவா உருண்டைகளையும் மும்பை ஹை எண்ணெயையும் சேர்த்தே ஆய்ந்து, ஆல்கேன், ஹோபேன் விகிதங்களோடு தனிச் சேர்மங்களின் கார்பன் ஐசோடோப்பையும் பார்த்து, அந்த உருண்டைகள் மும்பை ஹை அல்ல, டேங்கர் கழுவிவிட்ட தென்கிழக்கு ஆசிய எண்ணெய் என்ற முடிவுக்கு வந்தது. வேறு ஆண்டு ஒதுங்கிய உருண்டைக்கு அதே முடிவைத் தூக்கி ஒட்டாதீர்கள். ஒவ்வொரு பருவத்திலும் வேறு எண்ணெய் வரலாம்.

8. கடல் செய்த மாற்றத்தைக் கழித்துப் பாருங்கள்

விகிதம் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம்: எண்ணெய் வேறு, அல்லது ஒரே எண்ணெய் சிதைந்திருக்கிறது. இரண்டையும் பிரிக்காமல் அடுத்த படிக்குப் போக முடியாது.

ஆவியாதல் முதலில் நடக்கும். நம் வெயிலில் சி15 வரை சில நாட்களில் காணாமல் போகும். அடுத்து பாக்டீரியா. அது நார்மல் ஆல்கேனை முதலில் தின்னும். கிளை உள்ள பிரிஸ்டேனையும் பைட்டேனையும் பிறகு தொடும். ஸ்டெரேனுக்கும் ஹோபேனுக்கும் வெகு தாமதமாகத்தான் வரும். அதனால் சி17/பிரிஸ்டேன் விகிதம் இறங்கியிருந்தால் பாக்டீரியா வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். 177இல் 25-நார்ஹோபேன் வரிசையாகத் தெரிந்தால் கடுமையான தின்றல். ஆனால் அது நிலத்தடியிலேயே நடந்திருக்கலாம், எனவே மூல எண்ணெயிலும் இருக்கிறதா என்று பாருங்கள். வெயில் தாக்குவது அரோமாட்டிக்குகளை. டிரைஅரோமாட்டிக் ஸ்டீராய்டுகளும் இதில் அடிபடும், அவற்றைக் கல்வெட்டு மாதிரி நம்பாதீர்கள்.

சி30 ஹோபேன் எளிதில் போகாது என்பதால் அதையே அளவுகோலாக வைத்து இழப்பைக் கணக்கிடலாம். உதாரணத்துக்கு, மூல எண்ணெயில் ஹோபேன் 100 பிபிஎம், உருண்டையில் 160 பிபிஎம் என்று வைத்துக்கொள்வோம். ஹோபேன் கூடவில்லை, சுற்றியிருந்தது குறைந்திருக்கிறது. 100ஐ 160ஆல் வகுத்தால் 0.625; அதாவது எண்ணெயில் 37.5 சதவீதம் போய்விட்டது. 4ஆம் படியில் எடை பார்க்கச் சொன்னது இதற்குத்தான்.

பிறகு ஒரு படம் வரையுங்கள்: ஒவ்வொரு சேர்மத்தையும் ஹோபேனால் வகுத்து, உருண்டைக்கும் மூலத்துக்கும் உள்ள சதவீதத்தை, நெடுங்குழாயில் வெளிவரும் நேர வரிசையில் புள்ளியாக வையுங்கள். ஒரே எண்ணெய் என்றால் இடப்பக்கம் தாழ்ந்து, போகப் போக 100க்கு அருகே சமமாக ஓடும். வலப்பக்கத்துக் கனமான சேர்மங்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறினால் சிதைவு அதற்குக் காரணமாக இருக்க முடியாது.

9. ஒப்பிட்டு முடிவு செய்தல்

எண்ணெய்க் கசிவை அடையாளம் காணும் ஐரோப்பாவின் இஎன் 15522-2 தரநிலை பயன்படுத்தும் அளவுகோல் 14 சதவீதம்: இரண்டு எண்ணெய்களின் விகிதம் இதற்கு மேல் வேறுபடக் கூடாது. ஓர் அளவீட்டை மறுபடி செய்யும்போது வரும் சிதறல் 5 சதவீதத்துக்குள் இருக்கும் என்று கொண்டு, அதை 2.8ஆல் பெருக்கி வந்த எண் இது. உங்கள் ஆய்வகத்தில் சிதறல் 9 சதவீதம் என்றால் அந்த 14ஐப் பயன்படுத்த உங்களுக்கு உரிமையில்லை. முதலில் இரட்டை ஓட்டங்களைப் பார்த்து, சிதறும் விகிதங்களைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். ஒப்பிட்ட பிறகு நீக்கினால் அது வேறு பெயர் பெறும்.

கணக்கு இப்படி. சி29/சி30 ஹோபேன் உருண்டையில் 0.62, தொட்டியில் 0.58. வித்தியாசம் 0.04, சராசரி 0.60, அப்படியானால் 6.7 சதவீதம். சரி, ஒத்துப்போகிறது. ஒலியனேன்/ஹோபேன் உருண்டையில் 0.41, தொட்டியில் 0.32. வித்தியாசம் 0.09, சராசரி 0.365, கிட்டத்தட்ட 25 சதவீதம். இதைச் சிதைவு விளக்குமா? இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளிவரும் கனமான சேர்மங்கள், ஆவியாகாதவை, எளிதில் தின்னப்படாதவை. பீக் போதிய உயரம் இருந்து, கலப்படமும் இல்லை என்றால், இந்த ஒன்றே போதும்: அந்தத் தொட்டி இல்லை.

புதியவர்களுக்கு இது உறுத்தும். “இருபது விகிதங்களில் பத்தொன்பது பொருந்துகிறதே சார்?” என்பார்கள். ஒரே வட்டாரத்தின் பக்கத்துப் பக்கத்து வயல் எண்ணெய்கள் அப்படித்தான் பத்தொன்பதில் ஒத்துப்போகும். விளக்க முடியாத ஒரு வித்தியாசம், ஒத்துப்போகும் பத்தொன்பதையும் சாய்த்துவிடும்.

இன்னொன்று: பிறர் கட்டுரையில் அச்சான விகிதங்களோடு உங்கள் எண்ணை இந்த 14 சதவீதத்தால் ஒப்பிட வேண்டாம். அவர்கள் உயரம் அளந்திருப்பார்கள், நீங்கள் பரப்பு. அவர்கள் நெடுங்குழாய் வேறு. அச்சான எண்கள் வட்டாரம் தேட உதவும், தொட்டியைப் பிடிக்க உதவாது.

10. அறிக்கையில் எழுத வேண்டியது

இஎன் தரநிலையை ஒட்டி நான்கு சொற்களில் ஒன்றை எழுதுங்கள்: பொருந்துகிறது, பெரும்பாலும் பொருந்துகிறது, முடிவு சொல்ல இயலாது, பொருந்தவில்லை. “ஓரளவு ஒத்திருக்கிறது” போன்ற வழவழா வேண்டாம். முடிவு சொல்ல இயலாது என்று எழுதக் கூச்சப்படவும் வேண்டாம். மாதிரி போதாமல் அல்லது மிகவும் சிதைந்து வந்தால் அதுதான் சரியான பதில்.

வட்டாரம் தேடிய வேலை என்றால் இந்தச் சொற்களைப் பயன்படுத்தாதீர்கள். எந்தெந்த வகை மூலப்பாறைகள் விலக்கப்பட்டன, எந்த அடையாளத்தால், எது மிஞ்சுகிறது என்று எழுதுங்கள். எந்த எண்ணெய்களை ஒப்பிட உங்களிடம் மாதிரி இல்லை என்பதும் அதில் இருக்க வேண்டும்.

இணைப்பில் 85, 191, 217 படங்கள் உருண்டைக்கும் சந்தேக எண்ணெய்க்கும் ஒரே அளவில், ஒன்றன்கீழ் ஒன்றாக. நீக்கிய விகிதங்களும், நீக்கிய காரணமும். வெற்று மாதிரியின் படம். கைமாறிய படிவத்தின் நகல்.

மீதி உருண்டையைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டு உறைபெட்டியில் வையுங்கள். எதிர்த்தரப்பு வேறு ஆய்வகத்தில் ஓட்டிப் பார்க்கக் கேட்கும்போது ஒரு பாதி போகும், மறுபாதி உங்களிடம் இருக்கும்.